ஜமுனாமரத்தூர் வட்டாரத்தில் வீடும் மனையும்

ஜமுனாமரத்தூர், திருவண்ணாமலை மாவட்டத்தில் ஜவ்வாது மலைமீது அமைந்துள்ள ஊர். இதே பெயர் கொண்ட வட்டத்துக்கும் ஜவ்வாது மலை ஊராட்சி ஒன்றியத்துக்கும் தலைமையிடம் இதுவே. போளூர் வழியாகவும் ஆலங்காயம், காவலூர் வழியாகவும் மலைப்பாதைகள் இவ்வூரை அடைகின்றன. அரசு அலுவலகங்களும் கடைத்தெருவும் இருப்பதால் சிறு நகரின் சாயல் உண்டு. ஊரைத் தாண்டினால் சாமைக் கொல்லைகளும் காப்புக்காடும்தான். இம்மலையில் வீட்டின் உரிமை அடிமனையின் வகையைப் பொறுத்தும், அதைத் தலைமுறைகளாக ஆண்டுவரும் பழங்குடியினரின் உரிமையைப் பொறுத்தும் அமைகிறது.

மக்களும் ஊர்களும்

இப்பகுதியின் பெரும்பான்மைக் குடிகள் மலையாளி என்னும் பட்டியல் பழங்குடியினர். இவர்கள் தமிழ் பேசுபவர்கள்; கேரள மக்களோடு தொடர்பற்றவர்கள். காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளர் மரபில் வந்த ஆண்கள் கங்குந்தி வேடர் குலப் பெண்களை மணந்து, மலையேறி இங்கே தங்கினர் என்பது வழிவழிக் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுப்பில் இக்கதை இடம்பெற்றுள்ளது. மலையில் மனிதக் குடியிருப்பு இதைவிடப் பழையது. கீழ்ச்சேப்பிளி, பட்டறைக்காடு போன்ற இடங்களில் உள்ள பெருங்கற்காலக் கல்திட்டைகள் அதற்குச் சான்று. மக்கள் அவற்றைக் குள்ளர் குகை, வாலியர் வீடு என்று அழைக்கின்றனர்.

சாமை இம்மலையின் முதன்மைப் பயிர். கேழ்வரகும் தினையும் விளைகின்றன. தேன், புளி, கடுக்காய், பலா, சீதாப்பழம் ஆகியவை காட்டிலிருந்தும் தோப்பிலிருந்தும் கிடைக்கும் வருவாய். ஆகவே வீடு, கொல்லை, காடு மூன்றும் சேர்ந்ததே ஒரு குடும்பத்தின் வாழ்விடம்.

மரபு வீடும் தொகுப்பு வீடும்

மரபு வீடு மண்ணும் கல்லும் கொண்டு எழுப்பிய சுவரும், காட்டுப்புல் வேய்ந்த தாழ்ந்த கூரையும் உடையது. உள்ளே தானியம் வைக்கப் பரண் இருக்கும். தடித்த மண்சுவர் மார்கழி, தை மாதக் குளிரையும் கோடை வெயிலையும் தாங்கும். கூரையைக் குறித்த காலத்தில் மாற்றி வேய வேண்டும். அதற்கு உறவினரின் உழைப்பும் காட்டுப்புல்லும் தேவை.

அரசுத் திட்டங்களால் ஓடும் கான்கிரீட்டும் மலையேறின. இந்திரா குடியிருப்புத் திட்டம், 2011இல் தமிழக அரசு தொடங்கிய 300 சதுர அடி சூரிய ஒளி மின்சக்திப் பசுமை வீடுகள் திட்டம், 2016இல் வந்த பிரதமர் ஊரகக் குடியிருப்புத் திட்டம் ஆகியவை இவ்வரிசையில் முக்கியமானவை. பிரதமர் திட்டத்தில் சமவெளி வீட்டுக்கு ரூ. 1.20 லட்சம், மலைப்பகுதி வீட்டுக்கு ரூ. 1.30 லட்சம் என அலகுத் தொகை வகுக்கப்பட்டது. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு ரூ. 3.50 லட்சம் தருகிறது. சிமெண்டும் கம்பியும் மலையேற ஆகும் வண்டிக்கூலி சமவெளிக் குடும்பங்களுக்கு இல்லாத சுமை.

இத்திட்டங்களில் சேர மனைக்கு ஆவணம் வேண்டும். காலங்காலமாகக் குடியிருந்தும் பட்டா இல்லாத குடும்பம் கூரைவீட்டிலேயே தேங்கிவிடுகிறது. மலைவாழ் மக்களின் வீட்டுச் சிக்கலுக்கு வேர் இங்கேதான்.

வன உரிமைச் சட்டம்

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இவ்வேரைத் தொடுகிறது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து வனநிலத்தில் குடியிருந்து பயிர் செய்துவரும் பழங்குடிக் குடும்பம், தன் அனுபவத்தில் உள்ள நிலத்துக்கு, 4 ஹெக்டேர் வரம்புக்குள், உரிமை பெறலாம். கோரிக்கையை முதலில் ஆராய்வது கிராம சபை. உரிமை ஆவணம் கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதப்படும். வாரிசுகளுக்குச் சேரும், விற்கவோ வேறு வகையில் கைமாற்றவோ இயலாது.

தமிழ்நாட்டில் சட்டத்தின் பயன் தாமதமாகவே கிடைத்தது. நீதிமன்ற அனுமதியின்றி இறுதி ஆவணம் வழங்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2008இல் இட்ட ஆணை, 2016இல் உச்ச நீதிமன்றத்தால் விலக்கப்பட்டது. பள்ளி, அங்கன்வாடி, நியாயவிலைக் கடை, சாலை போன்ற பொதுத் தேவைகளுக்கு 1 ஹெக்டேருக்கு உட்பட்ட வனநிலத்தைக் கிராம சபையின் பரிந்துரையோடு ஒதுக்கவும் இச்சட்டம் வழிசெய்கிறது.

வாங்குவதும் விற்பதும்

தமிழ்நாட்டில் அரசமைப்பின் ஐந்தாம் அட்டவணையின்கீழ் அறிவிக்கப்பட்ட பகுதி எதுவும் இல்லை. ஆந்திரத்தின் அட்டவணைப் பகுதிகளில் பழங்குடி அல்லாதாருக்கு நிலம் செல்வதை 1959ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையும் அதன் 1970 திருத்தமும் தடுக்கின்றன. அத்தகைய முழுமையான காப்பு இங்கு இல்லை. எனினும் வருவாய் வாரிய நிலையாணை 15, மலையாளிகள் உள்ளிட்ட மலைமக்களுக்கு அரசு ஒப்படைத்த நிலத்தைக் கைமாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. ஆகவே விலை பேசுமுன் நிலத்தின் வகையை அறிவது முதற்கடமை:

- நத்தம்: ஊர்க் குடியிருப்பு மனை. நத்தம் பட்டாவில் உள்ள பெயரும் குடியிருப்பவரும் பொருந்த வேண்டும்.
- பட்டா நிலம்: பட்டா, அடங்கல், புலப்படம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று ஆகியவை ஒத்துப்போக வேண்டும். கூட்டுப் பட்டாவானால் எல்லாப் பங்காளிகளின் ஒப்புதலும் தேவை.
- ஒப்படை நிலம்: நிபந்தனைப் பட்டா. ஒப்படை ஆணையின் நிபந்தனையை வட்டாட்சியர் அலுவலகத்தில் சரிபார்க்க வேண்டும்.
- வன உரிமை நிலம்: விற்பனைக்கு உரியதன்று.
- புறம்போக்கு, காப்புக்காடு: எந்தக் கைச்சீட்டும் உரிமை தராது.

முறையான கிரயத்துக்கு 7 விழுக்காடு முத்திரைத் தீர்வையும், 2023 ஏப்ரல் முதல் 2 விழுக்காடு பதிவுக் கட்டணமும் உண்டு. ரூ. 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைகிறது.

வெளியூரார் வருகை

பீமன் அருவி, கோமுட்டேரி படகுத்துறை, ஆண்டுதோறும் நடக்கும் கோடை விழா ஆகியவை மக்களை ஈர்க்கின்றன. விடுதிக்கும் ஓய்வு வீட்டுக்கும் இடம் தேடுவோர் வரும்போது நிலத்தின் விலை உள்ளூர்ப் பயிர் வருவாயை மிஞ்சுவது எங்கும் காணும் போக்கு. இங்கிலாந்தின் கார்ன்வாலில் உள்ள செயின்ட் ஐவ்ஸ் ஊரில் விடுமுறை வீடுகள் பெருகி, ஊர் இளைஞர்களுக்கு வீடு எட்டாக்கனியானது. புதிதாகக் கட்டும் வீட்டில் ஒருவர் நிலையாகக் குடியிருந்தே ஆக வேண்டும் என்ற விதியை அவ்வூரார் 2016இல் வாக்கெடுப்பில் ஏற்றனர். ஜவ்வாது மலையில் ஊரின் குரலை ஒலிக்கச் செய்யும் அமைப்பு கிராம சபை.

அருகிலுள்ள காவலூரில் 725 மீட்டர் உயரத்தில் வைணு பாப்பு வானாய்வகம் இயங்குகிறது. அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் நாட்டுக்கு அளிக்கப்பட்டது. இரவில் வானை நோக்கிப் பாயும் விளக்கொளி ஆய்வைக் கெடுக்கும் என்பதால், புதிதாகக் கட்டுவோர் வெளிவிளக்குகளைக் கீழ்நோக்கி அமைப்பது நலம்.

ஜமுனாமரத்தூரில் மனை வாங்க எண்ணுவோர் வட்டாட்சியர் அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் ஆவணங்களைச் சரிபார்த்த பின்னரே முன்பணம் தர வேண்டும். அதற்கும் முன்னதாக, இங்கேயே பிறந்து வாழும் குடும்பங்களுக்கு மனைப்பட்டாவும் வன உரிமை ஆவணமும் விடுபடாமல் வழங்கப்பட வேண்டும்.