எல்லை கடந்த கொள்முதலும் சுங்கக் கட்டணமும் (பினாங்கு)

வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்கிய பொருளுக்கு, விலையும் அனுப்புகூலியும் போக, நாட்டுக்குள் நுழையும்போது விதிக்கப்படும் வரிகளும் கூரியர் நிறுவனம் வசூலிக்கும் கட்டணங்களும். பினாங்குக்கு இது ஒப்பீட்டளவில் புதிய சுமை. 1786இல் பிரான்சிஸ் லைட் ஜார்ஜ் டவுனைத் தீர்வையற்ற துறைமுகமாகவே தொடங்கினார். அந்தத் தகுதி 1969இல் பறிபோனது. தீவின் வணிகம் அதனால் கடுமையாக அடிபட்டது. லங்காவிக்கு 1987இல் கிடைத்த தீர்வை விலக்கு பினாங்குக்குத் திரும்பவில்லை.

இணையத்தில் வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருளுக்கு, 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. இதைப் பதிவுபெற்ற விற்பனையாளரே விலையோடு சேர்த்து வாங்கிவிடுவதால் வீட்டு வாசலில் அதிர்ச்சி இல்லை. 500 ரிங்கிட்டைத் தாண்டினால்தான் சிக்கல். 600 ரிங்கிட் பொருளுக்கு அனுப்புகூலி 100, காப்புறுதி 20 என்றால் சுங்க மதிப்பு 720. இறக்குமதி வரியும் விற்பனை வரியும் தலா 10 விழுக்காடு என்று கொண்டால், இறக்குமதி வரி 72. விற்பனை வரியோ இரண்டையும் கூட்டிய 792 ரிங்கிட்டுக்குக் கணக்கிடப்படும்: 79.20. ஆக, 151.20 ரிங்கிட் கூடுதல். வரிக்கே வரி என்பதைப் பலர் ரசீதைப் பார்த்த பிறகே அறிகிறார்கள்.

இதன்மேல், வரியை முன்கூட்டிக் கட்டியதற்கான சேவைக் கட்டணத்தையும் கூரியர் சேர்க்கலாம். இது அரசு வரியன்று. நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பணம் கட்டுமுன் சுங்க அறிவிப்புப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி, வரியையும் கட்டணத்தையும் பிரித்துப் பார்ப்பது அவசியம்.