பிறப்புறுப்பு ஹெர்பீஸ்: சட்டத்திலிருந்து சிகிச்சைக்கு

இலங்கையில் பாலியல் நோய்களை முதலில் கையில் எடுத்தது சட்டமே. 1867ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் பாலியல் தொழில் செய்த பெண்களைக் கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்தியது, ஆண்களைத் தொடவில்லை. அது பெரும் அநீதி. 1952இல் பாலியல் நோய் எதிர்ப்பு இயக்கம் தொடங்கியபின் சிகிச்சை முன்னுக்கு வந்தது. பென்சிலின் சிபிலிஸைக் குணமாக்கியது. ஹெர்பீஸ் வைரஸால் வருவதால் அதற்கு அந்த மருந்து பயன்படவில்லை.

அமெரிக்க விஞ்ஞானி கெர்ட்ரூட் எலியனின் ஆய்வுக்குழு உருவாக்கிய ஹெர்பீஸ் மருந்தான அசைக்ளோவிர் 1980களில் புழக்கத்துக்கு வந்தது. எலியன் 1988இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வைரஸ் முதுகுத்தண்டருகே நரம்பு முடிச்சுகளில் பதுங்கிவிடுவதால் மாத்திரை அதை அடியோடு அகற்றாது. கொப்புளங்கள் விரைவில் ஆறும். நாள்தோறும் உட்கொண்டால் மீண்டும் வருவது குறையும். புண் தெரியாத நாள்களிலும் நோய் தொற்றலாம், பல ஆண்டுகள் மறைந்திருந்தும் வெளிப்படலாம். ஆகவே திடீரெனப் புண் கண்டவுடன் கணவனோ மனைவியோ மற்றவர்மீது பழி சுமத்துவதற்கு இடமே இல்லை.

இச்சிகிச்சைக்கு, கிழக்கிலங்கையின் மருதமுனை மக்களுக்கு அருகிலுள்ள கல்முனையில் அரச வைத்தியசாலைகள் உள்ளன. அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனை இலவசம். விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும். ஹெர்பீஸ் உள்ள கர்ப்பிணிகள் அதைப் பற்றி முன்கூட்டியே வைத்தியரிடம் சொல்லவேண்டும்: பிரசவ நேரத்தில் புண் இருந்தால் குழந்தைக்குத் தொற்றாதிருக்க அறுவைச் சிகிச்சைப் பிரசவம் பரிந்துரைக்கப்படும்.