படகு 80, பையன் 60

"மாமா, படகுக்கு 80, பையனுக்கு 60ஆ? படகை விட பையன் சீப்பா?"

அக்கா பையன் கேட்டது இது. வயசு ஒன்பது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் அவனுக்கு ஒரு பழைய நாவலைக் கொஞ்சம் கொஞ்சமா வாசிச்சுக் காட்டறதுன்னு எங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் படிப்பேன், உடனே அதைத் தமிழில் கதையாச் சொல்லுவேன். முதல் புத்தகமா நான் எடுத்தது ராபின்சன் குரூசோ. தீவு, ஆடு, கிளி, மணலில் ஒத்தைக் காலடித்தடம். இதை விட பத்திரமான புத்தகம் கிடைக்குமா என்கிற நினைப்புதான். பள்ளிக்கூடத்தில் நான்-டீட்டெயிலில் படிச்சிருந்த தெம்பு வேறு.

அந்தத் தெம்பு மூணாவது வாரமே போயிடுச்சு.

நான் படிச்ச நான்-டீட்டெயிலில் முதல் பக்கத்தில் புயல், இரண்டாம் பக்கத்தில் தீவு. முழு நாவலில் அப்படி இல்லை. தீவுக்கு முன்னாடியே பெரிய கதை ஒன்று நடக்கிறது. குரூசோவைக் கடற்கொள்ளைக்காரர்கள் பிடித்து, மொராக்கோ கரையில் சாலே என்ற ஊரில் அடிமையாக வைத்திருக்கிறார்கள். இரண்டு வருஷம் கழித்து மீன்பிடிப் படகில் தப்பிக்கிறான். கூடவே ஸூரி என்று ஒரு பையன். வழியில் தண்ணி எடுக்கக் கரைக்குப் போகணும், காட்டு மனுஷங்க இருப்பாங்களோன்னு பயம். ஸூரி சொல்றான், நான் போறேன், அவங்க வந்தா என்னைத் தின்னட்டும், நீ தப்பிச்சுக்கோன்னு. அப்புறம் ஒரு போர்த்துகீசியக் கப்பல் இவர்களைக் காப்பாத்துகிறது. நல்ல கேப்டன். படகுக்கு 80 வெள்ளிக் காசு தர்றேங்கறார். பையனுக்கு 60. குரூசோ கொஞ்சம் தயங்குகிறான். பத்து வருஷத்தில் விடுதலை பண்ணிடறேன், ஆனா அவன் கிறிஸ்தவனா மாறணும்னு கேப்டன் எழுதித் தரத் தயாரா இருக்கார். பையனும் சரிங்கறான். வியாபாரம் முடிந்தது.

தானே அடிமையா இருந்து தப்பிச்சவன், தன்னோட தப்பிச்ச பையனை விற்கிறான். பின்னாடி பிரேசிலில் தோட்டம் போட்டு வேலைக்கு ஆள் இல்லாமல் கஷ்டப்படும்போது, ஸூரியை விட்டது தப்புன்னு வருத்தப்படுகிறான். வருத்தம் பையனுக்காக இல்லை, வேலையாளுக்காக. அது மட்டுமா? அந்தப் பிரபலமான புயலில் அவன் மாட்டிக்கொண்டதே, ஆப்பிரிக்காவுக்குப் போய்ப் பிரேசில் தோட்டங்களுக்குத் திருட்டுத்தனமா அடிமைகளை வாங்கிவரக் கிளம்பிய பயணத்தில்தான்!

என் புத்தகத்தில் இதையெல்லாம் தூக்கியது யார்? பாடப்புத்தகக்காரர்களாகத்தான் இருக்கும்னு நினைத்துத் தேட ஆரம்பித்தேன். நம்ம தொழில் புத்தி, ஒரு பிழை கண்ணில் பட்டால் எந்த வெர்ஷனில் நுழைந்ததுன்னு தோண்டாமல் தூக்கம் வராது. தோண்டினால் அது 250 வருஷத்துக்கு மேல போகுது.

டேனியல் டெஃபோ இந்த நாவலை வெளியிட்டது 1719 ஏப்ரலில். அப்போ அவருக்கு வயசு 60ஐ ஒட்டி. குழந்தைகளுக்குன்னு எழுதினதே இல்லை. பெரியவர்கள் படிக்க, நிஜமா நடந்த கதை மாதிரி, குரூசோவே எழுதினதுன்னு அட்டையில் போட்டு வந்த புத்தகம். அது பிய்ச்சுக்கிட்டுப் போனதும், அதே வருஷமே டெஃபோவைக் கேட்காமல் யாரோ சுருக்கி ஒரு பதிப்புப் போட்டாங்க. அதாவது கத்தரிக்கோலுக்கும் நாவலுக்கும் ஒரே வயசு. ஆனால் அந்தக் கத்தரி காசுக்காக. குழந்தைக்காகக் கத்தரியை முதலில் எடுத்த பெரிய மனுஷர் ரூசோ.

1762ல் வந்த எமில் என்ற புத்தகத்தில், ஒரு பையனை வீட்டிலேயே எப்படி வளர்த்துப் படிக்க வைக்கணும்னு ரூசோ எழுதினார். அவருக்குச் சின்னப் பசங்க கையில் புத்தகம் கொடுப்பதே பிடிக்காது. ஆனால் ஒரே ஒரு புத்தகத்துக்கு விதிவிலக்கு, ராபின்சன் குரூசோ. ரொம்ப நாளைக்கு எமிலின் மொத்த நூலகமே அந்த ஒரு புத்தகம்தான். ஒரு நிபந்தனை: தேவையில்லாத குப்பையை எல்லாம் எடுத்துடணும். கப்பல் உடைவதில் ஆரம்பித்து, காப்பாத்தக் கப்பல் வருவதோடு முடிச்சுக்கணும்.

ஆகா, என் நான்-டீட்டெயில்!

ரூசோ அடிமை வியாபாரத்தை மறைக்க இப்படிச் சொல்லலை. அதை நியாயமா சொல்லிடணும். அவருக்கு வேண்டியது கைவேலை. பையன் தன்னையே குரூசோவா நினைச்சுக்கணும், தோல் உடுப்பும் குடையுமா திரியணும், என்ன சாமான் வேணும், எது இல்லாமல் சமாளிக்கலாம்னு கணக்குப் போடணும். அருமையான பாடம்தான். ஆனால் அந்த வெட்டில் ஸூரியும் சேர்ந்து போயிட்டான். குப்பையோட குப்பையா.

இந்தப் புத்தகத்தை அதே வருஷம் ஜூனில் பாரீசில் எரித்தார்கள். குரூசோவுக்காக இல்லை, அதில் மதத்தைப் பற்றி எழுதியதற்காக. இன்னொரு சங்கதி: ஊருக்கெல்லாம் பிள்ளை வளர்க்கச் சொல்லிக்கொடுத்த ரூசோ, தனக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் அனாதை விடுதியில் விட்டவர். அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அவர் செய்யாததை வேறொருத்தர் செய்து பார்த்தார். ரிச்சர்ட் லவல் எட்ஜ்வொர்த், அயர்லாந்து நிலக்கிழார், இயந்திரப் பைத்தியம். (நம்ம ஆள்!) 1764ல் பிறந்த மூத்த மகன் ரிச்சர்டை அப்படியே எமில் புத்தகப்படி வளர்த்தார். செருப்பு கிடையாது, கட்டாயப் பாடம் கிடையாது. பையன் பலசாலியா, பயமே இல்லாதவனா வளர்ந்தான். ஒரே குறை, யார் சொல்வதையும் கேட்க மாட்டான். 1770களின் தொடக்கத்தில் பாரீசில் ரூசோவிடமே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். ரூசோ பையனை ஒரு நடை கூட்டிப்போய் வந்து சொன்ன குறை என்ன தெரியுமா? நல்ல குதிரை, நல்ல வண்டி எதைப் பார்த்தாலும் இது இங்கிலீஷ்தான்னு பெருமையடிக்கிறானாம்.

அந்தப் பையன் பெரியவனாகிக் கப்பல் வேலைக்குப் போனார், அங்கிருந்தும் ஓடினார், கடைசியில் அமெரிக்காவில் குடியேறி 1796ல் இறந்துபோனார். அப்பா கையை விட்டுக் கடலுக்குப் போன பிள்ளை. குரூசோ கதையின் முதல் அத்தியாயம் மாதிரியே இருக்கு, ஆனா இது நிஜம்.

இரண்டே வருஷம் கழித்து, 1798ல், அதே எட்ஜ்வொர்த்தும் மகள் மரியாவும் சேர்ந்து வீட்டுக் கல்வி பற்றி ஒரு பெரிய புத்தகம் வெளியிட்டார்கள். மரியா பின்னாளில் பெரிய நாவலாசிரியை. குரூசோ மாதிரிக் கதைகளைப் பையன்களிடம் சீக்கிரம் கொடுக்காதீங்க, ஊர் சுத்தற ஆசை வந்துடும்னு அதில் எச்சரிக்கை இருக்கு. பொண்ணுங்களுக்கு அவ்வளவு ஆபத்தில்லையாம். ஊர் சுத்தவே முடியாதுன்னு அவங்களுக்குத்தான் சீக்கிரமே புரிஞ்சிடுமே! படிச்சப்போ சிரிப்பு வந்தது, அப்புறம் வரலை.

அதே புத்தகத்தில் இன்னொரு அறிவுரை: குழந்தைக்குக் கொடுப்பதற்கு முன்னாடி பேனா, பென்சில், கத்தரிக்கோல் மூணையும் வச்சுக்கிட்டு உட்காருங்க, வேண்டாத இடத்தை அடிங்க, வெட்டுங்க. நிஜக் கத்தரிக்கோல்! படிக்கும்போது கோபம்தான் வந்தது. அப்புறம் 1796ஐ நினைச்சேன். மூத்த பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த மனுஷனின் பயம் அது. அதோட எனக்குக் கோபப்பட அருகதையும் இல்லை. காரணம் பின்னாடி சொல்றேன்.

இந்தக் கூட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் யோவாகிம் ஹைன்ரிஷ் காம்பே. ஜெர்மன்காரர். ஹம்போல்ட் சகோதரர்களுக்குச் சின்ன வயசில் வீட்டு வாத்தியாரா இருந்தவர். 1779, 80ல் இளைய ராபின்சன் என்று ஒரு புத்தகம் எழுதினார். ரூசோ சொன்னதையும் தாண்டி இவர் ஒரு படி போனார். டெஃபோவின் குரூசோ உடைந்த கப்பலுக்கு நீந்தி நீந்திப் போய்த் துப்பாக்கி, கோடரி, ரம், ரொட்டின்னு மூட்டை மூட்டையா கொண்டுவருவான். காம்பே அத்தனையையும் பிடுங்கிட்டார். இவருடைய ராபின்சன் வெறும் கையோடு கரை ஒதுங்குகிறான். ஒரு கத்தி கூட இல்லை. தனியா நிக்கற மனுஷன் எவ்வளவு கையாலாகாதவன், நம்ம வீட்டில் இருக்கும் ஒவ்வொரு சாமானுக்குப் பின்னாடியும் எத்தனை பேர் உழைப்பு இருக்குன்னு பசங்களுக்குப் புரியணுமாம்.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது கதை இல்லை, கதை சொல்லும் விதம். ஹாம்பர்க் பக்கத்தில் ஒரு வீடு. சாயங்காலம். அப்பா கதை சொல்கிறார். பசங்க சும்மா உட்காரக் கூடாது, பட்டாணி உரிச்சுக்கிட்டே கேட்கணும். அத்தியாயத் தலைப்பே முதல் மாலை, இரண்டாம் மாலை என்றுதான். நாடகம் மாதிரி அப்பா பேசுவார், பசங்க குறுக்கே பேசுவாங்க. ஏன், எப்படின்னு நச்சரிப்பாங்க. அதில் லோட்டே என்று ஒரு பெண் வருவாள். காம்பேயின் சொந்த மகள் பெயரும் அதுதான். சுவாரசியமான இடத்தில் அப்பா நிறுத்துவார், மிச்சம் நாளைக்குன்னு. நம்ம ஊர் தொடர்கதைக்காரர்கள் கற்றுக்கொள்ள வேண்டியதே இல்லாத வித்தை :-)

காம்பே ஓயாமல் உபதேசம் பண்ணுவார், அது கொஞ்சம் அலுப்புதான். அவரோட ராபின்சன் செல்லம் கொடுத்துக் கெட்ட பையன், அப்பா அம்மா பேச்சைக் கேட்காததால் வந்த வினைன்னு திரும்பத் திரும்ப வரும். ஆனாலும் குழந்தை குறுக்கே பேசுவதைப் பாடத்தின் ஒரு பகுதியா அச்சிலேயே ஏற்றியவர் அவர். அது ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் போய்ச் சேர்ந்தது.

அடுத்து சுவிட்சர்லாந்தில் பெர்ன் நகரப் பாதிரியார் யோஹான் டேவிட் வீஸ். தன் நான்கு மகன்களுக்காக அப்பா, அம்மா, நான்கு பசங்கன்னு மொத்தக் குடும்பத்தையே தீவில் ஒதுக்கினார். மகன்களில் ஒருவர் 1812ல் அதைப் பதிப்பித்தார், இன்னொருவர் படம் வரைந்தார். அதுதான் ஸ்விஸ் ஃபேமிலி ராபின்சன். பெங்குவினும் கங்காருவும் ஒரே தீவில் வரும். பசங்க கேட்க ஆசைப்பட்டிருப்பாங்க, அப்பா சேர்த்துவிட்டிருப்பார். இதில் ராபின்சனே கிடையாது, அது அந்தக் குடும்பத்தின் பெயரும் இல்லை. ஒரு நாவலின் நாயகன் பெயர், 100 வருஷத்துக்குள் தீவில் மாட்டிக்கொள்ளும் கதைக்கே பொதுப்பெயர் ஆயிடுச்சு.

ஆக, ஒரு நாவல், நாலு அப்பாக்கள். ஒருத்தர் ஊருக்கு மட்டும் சொன்னார், ஒருத்தர் கத்தரியை நம்பினார், ஒருத்தர் கேள்வி கேட்க விட்டார், ஒருத்தர் புதுசாவே எழுதிட்டார். பாடப்புத்தகத்தில் எனக்கு வந்து சேர்ந்தது ரூசோவின் வெட்டு.

இப்போ என் கதைக்கு வர்றேன். படகு 80, பையன் 60ன்னு அவன் கேட்ட அன்னிக்கு எனக்குப் பதில் வரலை. அந்தக் காலத்தில் அப்படித்தான் என்றேன். "அந்தக் காலத்துல ஸூரிக்கும் அப்படித்தானா?" என்றான். பிரிட்டன் அடிமை வியாபாரத்தைச் சட்டம் போட்டு நிறுத்தியதே 1807ல்தான், நாவல் வந்து 88 வருஷம் கழிச்சுன்னு ஏதோ சொன்னேன். கேட்டுட்டு, எதுவும் சொல்லாமல் தூங்கப் போயிட்டான்.

அடுத்த வாரம் நான் செய்ததைச் சொல்ல வெட்கமா இருக்கு. அந்த அடிமைக் கப்பல் பயணத்தை "வியாபாரத்துக்குப் போனான்"னு ஒரே வரியில் தாண்டிட்டேன். நானும் கத்தரியோடதான் உட்கார்ந்திருந்தேன். எட்ஜ்வொர்த்தாவது பிள்ளைக்காகப் பயந்தார். நான் பயந்தது என்னிடம் பதில் இல்லையே என்பதற்காக.

காம்பேயைப் படித்தது அதற்கப்புறம். அடுத்த ஞாயிறு, போன வாரம் ஒரு இடத்தைத் தாண்டிட்டேன்டான்னு ஒப்புக்கொண்டு, அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தேன். அக்கா பச்சைப் பட்டாணி உரிக்கக் கொடுத்திருந்தா. (தற்செயல்தான், சத்தியமா.)

ரெண்டு மாசம் கழித்து ஃப்ரைடே வரும் இடம். குரூசோ அவனைக் காப்பாற்றுகிறான், வெள்ளிக்கிழமை என்பதால் ஃப்ரைடேன்னு பெயர் வைக்கிறான், தன்னை மாஸ்டர்னு கூப்பிடச் சொல்லித் தருகிறான். பையன் பட்டென்று கேட்டான்.

"மாமா, இவனையும் வித்துடுவானா?"

ஸூரியைப் படிக்காதவனுக்கு இந்தக் கேள்வி வராது. எனக்கு வந்ததே இல்லை. என் புத்தகத்தில் ஃப்ரைடே வரும்போது நான் சந்தோஷம் மட்டும்தான் பட்டிருந்தேன்.

"இல்லடா, விக்க மாட்டான்" என்றேன்.

"அப்ப அவனோட நிஜப் பேரு என்ன?"

புரட்டிப் பார்த்தேன். 28 வருஷம், 2 மாசம், 19 நாள்னு தீவில் இருந்த கணக்கை நாள் விடாமல் வைத்திருக்கிற குரூசோ, அதை மட்டும் ஒரு தடவை கூடக் கேட்கவில்லை.