தீர்ப்பான், வினைதீர்த்தான், பைசல்

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசி இரண்டு குறள்களையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரு விஷயம் தட்டுப்படும். 949ஆம் குறளில் மருத்துவருக்கு வள்ளுவர் தரும் பெயர் 'கற்றான்'. அடுத்த குறளில் அதே ஆள் 'தீர்ப்பான்' ஆகிவிடுகிறார். நோயாளியோ முதல் குறளில் 'உற்றான்', அடுத்ததில் 'உற்றவன்'; இரண்டு இடத்திலும் வினை ஒன்றுதான். உறுதல் என்றால் வந்து சேர்தல், தீர்தல் என்றால் விட்டுப் போதல். நோய் வந்து ஒருவனைப் பற்றுகிறது, இன்னொருவன் அதைப் போக வைக்கிறான். மருத்துவத்தின் மொத்த வேலையையும் இரண்டு வினைச்சொற்களில் அடக்கிவிட்டார்.

தீர்தலுக்கு விட்டுப் போதல் என்று நான் பொருள் சொல்வது தொல்காப்பியத்தை நம்பித்தான். தீர்தல், தீர்த்தல் என்ற இரண்டுக்குமே 'விடுதல்' என்று பொருள் சொல்லும் நூற்பா ஒன்று உரியியலில் இருக்கிறது. வெளிப்படையாகப் பொருள் தெரியாத சொற்களுக்கு மட்டுமே பொருள் சொல்வதாக உரியியல் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறது. அப்படியென்றால், தொல்காப்பியர் காலத்திலேயே இந்தச் சொல்லின் அடிப்பொருளைக் கற்பவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது.

ஆனால் அந்தப் பொருள் செத்துவிடவில்லை. நம் வீட்டுப் பேச்சிலேயே இருக்கிறது. அரிசி தீர்ந்துபோச்சு என்கிறோம். தலைவலி தீர்ந்தது, வழக்கு தீர்ந்தது, கடன் தீர்ந்தது என்கிறோம். அரிசிக்கும் தலைவலிக்கும் என்ன உறவு? பானையை விட்டு அரிசி போய்விட்டது, ஆளை விட்டு வலி போய்விட்டது, அவ்வளவுதான். ஒன்று போனதற்கு வருந்துகிறோம், மற்றது போனதற்கு மகிழ்கிறோம், வினை ஒன்றே. ஆசை தீரப் பார்த்தேன் என்பதும் 'தீர்த்துக்கட்டிவிட்டான்' என்பதும் இதே வேரில்தான் கிளைத்தவை. 'போயே தீருவேன்' என்று அடம்பிடிக்கும்போது அது துணைவினையாகவும் வந்து நிற்கிறது.

இப்படிப்பட்ட சொல்லை இன்றைய அறிக்கைத் தமிழ் கெடுத்து வைத்திருப்பதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. 'குடிநீர்ப் பிரச்சினைக்கு விரைவில் தீர்வு காணப்படும்.' இந்த வாக்கியத்தில் யார் தீர்ப்பது? யாருமில்லை. தீர்க்க வேண்டிய ஆள் மறைந்துவிட்டார். தீர்வு எங்கோ இருக்கிறது, யாரோ ஒருநாள் அதைக் காண்பார்கள். இலங்கைத் தமிழர்கள் 'அரசியல் தீர்வு' என்ற தொடரைப் பல பத்தாண்டுகளாகக் கேட்டுக் களைத்திருக்கிறார்கள். தீர்வு என்ற பெயர்ச்சொல் பெருகப் பெருக, தீர்த்தல் என்ற வினை மெலிந்துகொண்டே வருகிறது.

கேள்விக்கான பதிலை 'விடை' என்கிறோமே, அதுவும் விடு என்ற வினையிலிருந்து வந்ததுதான். விடுகதையை விடுவிக்கிறோம், விருந்தாளி விடைபெற்றுப் போகிறார். 'சிக்கல்' மட்டும் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது: சிக்கு விழுந்த தலைமுடி, சிக்கிக்கொண்ட நூல். நாகப்பட்டினத்தை அடுத்த சிக்கலுக்கு அப்பெயர் வந்த கதையை அவ்வூர்த் தலபுராணம் சொல்கிறது. வசிட்டர் வெண்ணெயால் லிங்கம் பிடித்து வழிபட்டாராம். பூசை முடிந்து அதை எடுக்கப் போனபோது, அது அங்கேயே சிக்கிக்கொண்டதாம்.

ஆட்பெயர்களுக்கு வருவோம். செட்டிநாட்டுப் பக்கம் வழங்கும் 'வினைதீர்த்தான்' எனக்கு மிகப் பிடித்த பெயர். வள்ளுவரின் தீர்ப்பான் இனிமேல்தான் தீர்க்க வேண்டும். இவரோ தீர்த்தே முடித்தவர். பிறந்த குழந்தைக்கே இறந்தகாலத்தில் பெயர் வைத்துவிடும் துணிச்சலைப் பாருங்கள்.

வினைதீர்த்த விநாயகர் என்று கோயில்கள் இருக்கின்றன. விநாயகரின் இன்னொரு பெயரான விக்னேஸ்வரன், விக்னேஷ் என்று சுருங்கி இன்று எந்த வகுப்பறையில் கூப்பிட்டாலும் ஒரு குரல் வரும் பெயர். ஆனால் அந்த வடசொல் 'தடைகளுக்கு இறைவன்' என்று மட்டுமே சொல்கிறது, தடையை நீக்குபவன் என்று சொல்லவில்லை. தடையை வைப்பதும் அவர், எடுப்பதும் அவர். மானவ கிருஹ்ய சூத்திரம் என்ற பழைய சடங்கு நூலிலோ விநாயகர்கள் நான்கு பேர். ஆட்களைப் பிடித்துத் தொல்லை கொடுப்பவர்கள். அவர்களை விரட்டுவதற்கே அங்கே சடங்கு சொல்லப்பட்டிருக்கிறது.

ஒலியை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலையின் இயற்பெயர் தீர்த்தகிரி. அதிலுள்ள தீர்த்தம் வடமொழி. கடத்தல் என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்து, முதலில் ஆற்றைக் கடக்கும் துறையைக் குறித்தது. 'தீரன்' வேறொரு வடசொல், உறுதி உடையவன். தீர்க்கதரிசியில் உள்ள 'தீர்க்கம்' நீளத்தைக் குறிக்கும் இன்னொன்று. இவற்றில் ஒன்றுகூட நம்முடைய தீர் இல்லை.

வெளியிலிருந்து வந்து, பொருளில் அதற்கு மிக நெருங்கி அமர்ந்த சொல் ஒன்று உண்டு: பைசல். அரபியில் பிரித்தல் என்ற பொருளுள்ள வேர். இரு தரப்பையும் பிரித்துத் தீர்ப்புச் சொல்பவர் ஃபைசல். பல முஸ்லிம் வீடுகளில் அது மகனின் பெயர். அதே சொல் உருது வழியாக நம் கச்சேரிக்குள் நுழைந்து, கடனைப் பைசல் பண்ணுவதிலும் மனுவைப் பைசல் செய்வதிலும் ஊன்றிவிட்டது. பருவத்தையும் அறுவடையையும் குறிக்கும் அரபுச் சொல்லும் அந்த வேரில் பிறந்ததே. ஜூலை 1ஆம் தேதி தொடங்கும் நம் வருவாய்த்துறையின் பசலி ஆண்டு அதிலிருந்து வந்தது.

ஆகவே கிராம நிர்வாக அலுவலரின் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு வேர்களையும் ஒரே பக்கத்தில் காணலாம். மேலே பசலி எண். கீழே நிலவரிக்கு வழங்கும் பெயர் தீர்வை: இந்த நிலத்துக்கு இவ்வளவு என்று தீர்த்து வைத்த தொகை. வரி விதித்தும் பயிர் ஏறாமல் கிடக்கும் நிலத்தைத் 'தீர்வை ஏற்பட்ட தரிசு' என்றும், வரியே விதிக்காததைத் 'தீர்வை ஏற்படாத தரிசு' என்றும் அங்கே எழுதியிருப்பார்கள்.