லாரிப் பாதுகாப்பில் டாஷ் கேமராவும் டெலிமேட்டிக்ஸும்

டாஷ் கேமரா என்பது வண்டியின் முன்கண்ணாடியில் பொருத்தப்படும் சிறிய கேமரா. அது சாலையைப் பார்த்தபடி இருக்கும். இரண்டு லென்ஸ் உள்ள வகைகளில் ஒன்று ஓட்டுநரையும் பார்க்கும். டெலிமேட்டிக்ஸ் என்பது வண்டி எங்கே நிற்கிறது, என்ன வேகத்தில் போகிறது, பிரேக் எவ்வளவு அழுத்தி மிதிக்கப்பட்டது என்பதையெல்லாம் கம்பியில்லாமல் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் ஏற்பாடு. 1978-இல் பிரெஞ்சு அரசுக்காக சிமோன் நோராவும் அலென் மின்க்கும் எழுதிய அறிக்கையில் பிறந்த சொல் இது. தொலைத்தொடர்பும் கணினியும் ஒன்றுகலப்பதைக் குறிக்க அவர்கள் அதை ஆக்கினார்கள். லாரிக்கும் அதற்கும் அன்று தொடர்பில்லை. தனித்தனியாக வளர்ந்த கேமராவும் டெலிமேட்டிக்ஸும் 2010-களில் ஒரே பெட்டிக்குள் வந்துசேர்ந்தன.

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் முழு லோடு ஏற்றிய இழுவை லாரி 80,000 பவுண்டு வரை, அதாவது ஏறக்குறைய 36 டன் வரை எடை இருக்கலாம். மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அத்தகைய லாரி முழுதாக நிற்க 160 மீட்டர் வேண்டும். அதே வேகத்தில் வரும் கார் 100 மீட்டருக்குள் நின்றுவிடும். பெரிய லாரிகள் சம்பந்தப்பட்ட விபத்துகளில் அந்நாட்டில் அண்மை ஆண்டுகளில் ஆண்டுதோறும் 5,000-க்கும் அதிகமானோர் இறந்திருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய பத்துக்கு ஏழு பேர் மற்ற வண்டிகளில் பயணம் செய்தவர்கள். லாரி ஓட்டுநரின் கண் அரை நிமிடம் அசந்தால் அதற்கான விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள். அந்த அரை நிமிடத்தைப் பிடிக்க எடுத்த முயற்சிகளே இந்தக் கருவிகளின் வரலாறு.

மெழுகுத்தாள் வட்டு

அந்த வரலாறு கடிகாரத்தில் தொடங்குகிறது. ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதி கடிகாரத் தொழிலுக்குப் பேர்போனது. அங்குள்ள வில்லிங்கன் ஊரில், டாக்சி மீட்டர் செய்துவந்த கீன்ஸ்லே நிறுவனத்தார் 1920-களில் கடிகாரத்தையும் வேகமானியையும் ஒரே கூட்டுக்குள் வைத்தார்கள். டாகோகிராஃப் என்று பெயர் பெற்ற அக்கருவிக்குள் மெழுகு பூசிய வட்டத் தாள் ஒன்று 24 மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றும். கூரான முள் அதன்மேல் கீறிக்கொண்டே வரும். இரவு தாளை வெளியே எடுத்தால் அந்த நாளின் ஓட்டம், நிறுத்தம், வேகம், தூரம் எல்லாம் கீறல்களாகக் கிடக்கும். பழகிய கண், ஓட்டுநர் எந்த நிமிடத்தில் சடாரென்று பிரேக் போட்டார் என்பதைக்கூட அதில் படித்துவிடும்.

1950-களின் தொடக்கத்தில் மேற்கு ஜெர்மனி கனரக லாரிகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. 1970-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் உறுப்பு நாடுகள் அனைத்துக்குமான விதியாக்கியது. பிரிட்டன் நெடுநாள் மறுத்தது. அங்கிருந்த ஓட்டுநர் சங்கங்கள் இதைக் கேபினுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒற்றன் என்றே அழைத்தன. 1979-இல் ஐரோப்பிய நீதிமன்றம் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பளித்த பிறகே அந்த நாடு வழிக்கு வந்தது. ஒற்றன் என்ற அந்தச் சொல் இன்றுவரை ஓயவில்லை. கருவி மாறும்போதெல்லாம் அதே சொல் புதுப்பிக்கப்படுகிறது.

கருவி வந்ததும் ஏமாற்றும் வழிகளும் வந்தன. முள்ளை வளைப்பார்கள், பாதி வழியில் வேறு வட்டைச் செருகுவார்கள். 2006 மே 1 முதல் புதிய லாரிகளுக்கு டிஜிட்டல் டாகோகிராஃப் கட்டாயமானதும், கியர்பெட்டியில் உள்ள உணரியின்மேல் காந்தம் வைத்து, ஓடும் வண்டியை நிற்பதாகக் காட்டும் தந்திரம் பரவியது. 2019 ஜூன் 15 முதல் வந்த அடுத்த தலைமுறைக் கருவி செயற்கைக்கோள் வழியே இடத்தையும் குறித்துக்கொள்கிறது. லாரியை நிறுத்தாமலே சாலையோரத்திலிருந்து சில விவரங்களை அதிகாரிகள் அதிலிருந்து வாசிக்க முடியும். எல்லை தாண்டிச் செல்லும் 2.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வேன்களுக்கும் 2026 ஜூலை 1 முதல் அது கட்டாயம்.

ஐரோப்பிய விதிப்படி நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு எடுக்க வேண்டும். பொதுவாக ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. வட்டு இல்லாவிட்டால் இவை தாளில் எழுதிய எழுத்தோடு நின்றிருக்கும். ஆனால் அந்தச் சட்டத்தில் இதைவிட முக்கியமானதாக எனக்குப் படுவது பத்தாவது பிரிவு. சாலைப் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவிக்கும் வகையில், ஓடிய தூரத்தையும் ஏற்றிய சரக்கின் அளவையும் வைத்து ஓட்டுநருக்குச் சம்பளமோ ஊக்கத்தொகையோ தரக்கூடாது என்கிறது அது. ஓட்டுநரின் காலைக் கண்காணித்த சட்டம், அவரை அவசரப்படுத்தும் முதலாளியின் கணக்குப் புத்தகத்தையும் எட்டிப் பார்த்தது. அமெரிக்காவில் இந்த இரண்டாவது பார்வை வரவேயில்லை.

கூரைமேல் ஒரு குமிழ்

அமெரிக்காவில் 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து ஓட்டும் நேரத்துக்கு வரம்பு வந்தது. அதை ஓட்டுநரே கையால் நோட்டில் எழுத வேண்டும். எழுதினார்கள், இரண்டு நோட்டு வைத்தும் எழுதினார்கள். அந்த நோட்டுக்கு 'காமிக் புத்தகம்' என்று ஓட்டுநர்களே பெயர் வைத்தார்கள். மைலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு வண்டி நிற்கும் நேரம் வருமானம் இல்லாத நேரம். 1938-இன் தொழிலாளர் நலச் சட்டம் தரும் கூடுதல் நேர ஊதியத்திலிருந்தும் மாநில எல்லை தாண்டி ஓடும் லாரி ஓட்டுநர்கள் விலக்கி வைக்கப்பட்டவர்கள். இந்த நிலையில் நோட்டு பொய் சொன்னதில் வியப்பில்லை.

1988-இல் சான் டியாகோவின் குவால்காம் நிறுவனம் ஆம்னிட்ராக்ஸ் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. விஸ்கான்சின் மாநிலம் கிரீன் பே நகரைச் சேர்ந்த ஷ்னைடர் நேஷனல் அதன் முதல் பெரிய வாடிக்கையாளர். லாரியின் மேல் ஒரு குமிழ் போன்ற ஆன்டெனா. உள்ளே சிறு திரையும் விசைப்பலகையும். ஜிபிஎஸ் அமைப்பு முழுமையடைந்தது 1995-இல்தான் என்பதால், தொடக்கத்தில் வேறு செயற்கைக்கோள்களின் குறிகளைக் கொண்டே லாரியின் இடத்தைக் கணித்தார்கள். அதுவரை ஓட்டுநர் வழியில் பொதுத் தொலைபேசியைத் தேடி நிறுத்தி அலுவலகத்துக்குப் பேசுவார். இனி அலுவலகமே அவரைத் தேடிப் பிடிக்கும். சரக்கு எங்கே இருக்கிறது என்று அறிவதே இதன் முதல் நோக்கம். பாதுகாப்பு என்ற பேச்சு பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

எஞ்சினோடு இணைந்து தானே நேரத்தைக் குறிக்கும் மின்னணுப் பதிவுக் கருவியைச் சட்டமாக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. சொந்த லாரி ஓட்டுநர்களின் சங்கம் வழக்குத் தொடர்ந்தது; கருவியை வைத்து ஓட்டுநரைத் துன்புறுத்தாமல் தடுக்க ஏற்பாடு இல்லை என்பதற்காக முந்தைய விதியொன்றை 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டமியற்றிக் கட்டாயப்படுத்தியது. 2015 டிசம்பரில் இறுதி விதி வெளியாகி, 2017 டிசம்பர் 18-இல் நடைமுறைக்கு வந்தது. நீதிமன்றத்தின் கண்டிப்பு அந்த விதியில் தடம் பதித்திருக்கிறது. ஓட்டுநர் பின்படுக்கையில் தூங்கும்போது கருவியின் ஒலியை அடக்கிவிட முடிய வேண்டும். பணியில் இருக்கும்போது இடத்தை ஒரு மைல் துல்லியத்துக்குக் குறிக்கும் கருவி, லாரியை அவர் சொந்த வேலைக்கு ஓட்டும்போது பத்து மைல் ஆரத்துக்குள் என்று மட்டுமே குறிக்க வேண்டும். ஒரு மனிதன் தன் நேரத்தில் எங்கே போகிறான் என்பது முதலாளிக்கு மங்கலாகவே தெரியட்டும் என்ற அந்த வரியை எழுதியவர்கள் லாரியை ஒரு வீடாகவும் பார்த்திருக்கிறார்கள்.

பலன் என்ன? ஸ்காட், பால்த்ராப், மில்லர் மூவரும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்கிட்டது. நேர வரம்பை மீறுவது நன்றாகக் குறைந்திருந்தது. விபத்துகள் குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. சிறிய நிறுவனங்களின் லாரிகளில் வேக மீறல் போன்ற ஆபத்தான ஓட்டுதல் கூடியிருந்தது. காரணம் புரியாததல்ல. அமெரிக்க விதியில் 14 மணி நேர வேலைச் சாளரம் ஒன்று உண்டு. அதற்குள் 11 மணி நேரம் ஓட்டலாம். கிடங்கு வாசலில் லோடு இறக்கக் காத்திருந்தாலும் அந்தச் சாளரம் மூடிக்கொண்டே வரும். நோட்டில் திருத்த முடியாத நேரத்தை ஆக்சிலரேட்டரில் ஈடுகட்டினார்கள்.

பன்னிரண்டு நொடிகள்

கேமராவின் கதை 1998-இல் அதே சான் டியாகோவில் தொடங்குகிறது. கெய்ரி ரேய்னர் என்பவர் தொடங்கிய டிரைவ்கேம் நிறுவனம், விமானக் கறுப்புப் பெட்டியின் எண்ணத்தை வண்டிக்குக் கொண்டுவந்தது. 2013 முதல் அதன் பெயர் லிட்டெக்ஸ். கேமரா எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் பார்த்ததைச் சில நொடிகளில் அழித்து, மேலே புதியதை எழுதிக்கொண்டே போகும். சடன் பிரேக், திடீர்த் திருப்பம், மோதல் என்று ஏதாவது ஒன்றில் முடுக்கமானி குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், அதற்கு முந்தைய 8 நொடிகளையும் பிந்தைய 4 நொடிகளையும் அழிக்காமல் எடுத்து வைக்கும். விபத்துகளைவிட, விபத்தாகாமல் தப்பிய தருணங்களே இதில் அதிகம் சிக்கின. முன்னெல்லாம் ஓட்டுநர் மட்டுமே அறிந்து பெருமூச்சோடு மறந்துவிட்ட தருணங்கள் அவை. அவற்றைப் பார்த்தால் அடுத்த விபத்து எங்கே காத்திருக்கிறது என்று ஓரளவு சொல்லலாம்.

லாரிகளில் கேமராவும் உணரிகளும் வைத்து வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் செய்த ஆய்வின் 2009-ஆம் ஆண்டு முடிவு ஒன்று உலகம் முழுதும் எடுத்துக்காட்டப்பட்டது: ஓட்டிக்கொண்டே கைப்பேசியில் குறுஞ்செய்தி தட்டும் லாரி ஓட்டுநருக்கு ஆபத்து நிகழ்வின் வாய்ப்பு 23 மடங்கு. வணிக ஓட்டுநர்கள் ஓட்டும்போது செய்தி தட்டுவதை அமெரிக்க அரசு 2010-இலும், கைப்பேசியைக் கையில் பிடிப்பதை 2012-இலும் தடைசெய்தது.

அதே நிறுவனம் 2010-இல் டிரைவ்கேம் ஏற்பாட்டை இரண்டு லாரி நிறுவனங்களில் சோதித்தது. முதல் 4 வாரங்கள் கேமரா பதிவு மட்டும் செய்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த 13 வாரங்கள், பதிவான காட்சிகளை வைத்து மேலாளர் ஓட்டுநரோடு உட்கார்ந்து பேசினார். 10,000 மைலுக்கான ஆபத்து நிகழ்வுகள் ஒரு நிறுவனத்தில் 37 சதவீதமும் மற்றதில் 52 சதவீதமும் குறைந்தன. கேமராவாலா, பேச்சாலா என்ற கேள்வியை அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் எடுத்துக்கொண்டது. 2017-இல் வெளியான அதன் ஆய்வில் ஒரு குழுவின் வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு மட்டும் எரிந்தது. இன்னொரு குழுவுக்கு விளக்கோடு மேற்பார்வையாளரின் பயிற்சிப் பேச்சும் கிடைத்தது. விளக்கு மட்டும் கண்ட ஓட்டுநர்கள், எதுவுமே செய்யப்படாத குழுவிலிருந்து குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடவில்லை. பேசப்பட்டவர்களே மாறினார்கள். இந்தத் துறையின் விற்பனைத்தாள்கள் எல்லாவற்றையும்விட இந்த ஒரு முடிவு கனமானது.

பொதுமக்களிடம் டாஷ் கேமரா புகழ்பெற்ற வழி வேறு. ரஷ்யாவில் காப்பீட்டுத் தகராறுகளுக்குப் பயந்து கார்க்காரர்கள் அதை வைத்திருந்தார்கள். 2013 பிப்ரவரி 15 அன்று செல்யாபின்ஸ்க் வானில் விண்கல் எரிந்து விழுந்ததை அந்தக் கேமராக்களே உலகுக்குக் காட்டின.

கணினி பார்க்கத் தொடங்கியபின்

1999-இல் ஜெருசலேமில் தொடங்கிய மொபைல்ஐ, ஒரே கேமராவைக் கொண்டு முன்வண்டியின் தூரத்தையும் சாலைக் கோட்டையும் கணித்து எச்சரிக்கும் வழியைக் கண்டது. 2015-இல் சான் டியாகோவிலும் பெங்களூருவிலுமாகத் தொடங்கிய நெட்ராடைன், குலுக்கல் வரும்வரை காத்திராமல் ஓட்டம் முழுவதையும் வண்டியிலேயே ஆராயும் கருவியைச் செய்தது. தவறுக்குக் கழிப்பதோடு, முன்வண்டிக்கு இடம்விட்டு ஓட்டியதற்கும் அதில் மதிப்பெண் உண்டு.

உள்நோக்கிய கேமராதான் இன்றைய சண்டை. கொட்டாவி, மூடும் இமை, கைப்பேசிப் பக்கம் சாயும் தலை ஆகியவற்றை அது கண்டுபிடிக்கிறது. பக்கக் கண்ணாடியைப் பார்ப்பதையும் சிலவேளை கவனச்சிதறலாக எண்ணிக் கத்துகிறது. நெடுந்தூர ஓட்டுநருக்குக் கேபின்தான் சாப்பாட்டு அறை, படுக்கையறை. அங்கே முகத்துக்கு நேரே லென்ஸ் இருப்பதை அவர் வெறுப்பதில் நியாயம் உண்டு. சமூகவியலாளர் கேரன் லெவி லாரி ஓட்டுநர்கள் மீதான கண்காணிப்பைப் பற்றி 'டேட்டா டிரிவன்' என்ற நூலே எழுதியிருக்கிறார். வெளிநோக்கிய கேமராவின் நிலை வேறு: குறுக்கே புகுந்த காரின்மேல் தவறு என்று காட்டி ஓட்டுநரின் வேலையையும் உரிமத்தையும் அது காப்பாற்றுவதால், அதைத் தாமே காசு கொடுத்து வாங்கி மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இந்தியாவில்

இந்தியா டாகோகிராஃப் கட்டத்தைத் தாண்டிவிட்டு நேராகச் செயற்கைக்கோளுக்கு வந்தது. ஏஐஎஸ் 140 தரத்தின்படி இடங்காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் 2019 ஜனவரி 1 முதல் புதிய பொதுப் போக்குவரத்து வண்டிகளுக்குக் கட்டாயமாயின. ஆபத்தான சரக்கு ஏற்றும் லாரிகளுக்கும் இடங்காட்டி 2022-இன் விதியில் சேர்ந்தது; எரிவாயு டேங்கர்களுக்குப் பேர்போன நாமக்கல்லுக்கு இது நேரடியாகப் பொருந்தும் விதி. 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது: 64,105.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961-லேயே சொல்லிவிட்டது. லாரி ஓட்டுநர்களுக்கும் விமானிகளைப் போல ஓட்டும் நேரத்தை வரையறுக்க வேண்டும், தூக்கத்தைக் கண்டறியும் உணரிகள் வேண்டும் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2021-இல் பேசினார். 2025 மார்ச்சில் வெளியான வரைவு விதி, கனரக வண்டிகளில் தானியங்கி அவசர பிரேக்கையும் தூக்க எச்சரிக்கையையும் கேட்டது. இதற்கிடையே 2014-இல் தொடங்கிய ரிவிகோ நிறுவனம், சில மணி நேரத்துக்கு ஒரு சாவடியில் ஓட்டுநரை மாற்றி, லாரியை மட்டும் அடுத்தவரிடம் ஒப்படைத்து ஓடச் செய்தது. அங்கே லாரி போய்க்கொண்டே இருந்தது. ஓட்டிவந்தவர் எதிர்த்திசையில் ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு தன் ஊருக்குத் திரும்பினார்.