குமிழியை நிரப்பிய கதை

கொழுப்புக் குமிழி தற்செயலாகத்தான் கண்ணில் பட்டது. 1961இல், கேம்பிரிட்ஜ் அருகே பாப்ரஹாமில், அலெக் பாங்கமும் ஹோர்னும் புதிதாக வந்த எலக்ட்ரான் நுண்ணோக்கியைச் சோதித்துப் பார்த்தார்கள். சாயம் கலந்த பாஸ்போலிப்பிடை உள்ளே வைத்தால், உயிரணுவின் சுவரைப் போன்ற அடுக்குகள் தெரிந்தன. நண்பர்கள் விளையாட்டாக ‘பாங்கசோம்’ என்றார்கள். ஜெரால்ட் வைஸ்மன் முன்வைத்த ‘லிப்போசோம்’தான் நிலைத்தது.

பாங்கம் காட்டிய செய்முறை சமையலறை வேலை மாதிரிதான். கொழுப்பைக் குளோரோஃபார்மில் கரைத்து, உருண்டைக் குடுவையில் சுழற்றி ஆவியாக்கினால் கண்ணாடியில் மெல்லிய படலம் ஒட்டும். தண்ணீர் ஊற்றிக் குலுக்கினால் அது உரிந்து, தானாக மூடிக்கொண்டு, வெங்காயம் போலப் பல அடுக்குக் குமிழிகளாகும். தண்ணீரில் மருந்து இருந்தால் அதுவும் உள்ளே மாட்டும்.

ஆனா எவ்வளவு மாட்டும்? கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் வெளியே வீண். என்னைக் கேட்டால், குமிழியைவிட அதை நிரப்பக் கண்டுபிடித்த வழிதான் பெரிய விஷயம். ஜெருசலேமில் பாரன்ஹோல்ஸ் குழு முதலில் அம்மோனியம் சல்ஃபேட்டை உள்ளே அடைத்தது. வெளியே இருந்ததைக் கழுவி நீக்கிவிட்டு, அதன் பிறகே டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தைச் சேர்த்தது. மின்னேற்றம் இல்லாத நிலையில் மருந்து சுவரைக் கடக்கும். உள்ளே போனதும் மின்னேற்றம் பெற்று, சல்ஃபேட்டோடு சேர்ந்து படிகமாகிவிடும். ஆற்றில் வைக்கிற பூபு மாதிரி: மீன் நுழையும், திரும்பாது. 90 சதவீதத்துக்கு மேல் உள்ளே சிக்கியது. அதுதான் 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்ஸில்.

ஆம்ஃபோடெரிசின் பி வேறு ரகம். தண்ணீரில் சரியாகக் கரையாது, அதனால் குமிழியின் சுவரிலேயே உட்கார்ந்துகொள்ளும். சும்மா ஏற்றினால் காய்ச்சல், நடுக்கம், சிறுநீரகச் சேதம். குமிழிக்குள் வைத்தால் இவை வெகுவாகக் குறையும். பீகாரில் காலா அசார் நோயாளிகளுக்கு முன்பெல்லாம் ஒருநாள் விட்டு ஒருநாள், மொத்தம் 15 முறை மருந்து ஏற்றினார்கள். கூலிவேலை செய்கிறவர் ஒரு மாதம் கட்டிலில் கிடந்தால் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? ஷியாம் சுந்தர் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வில், லிப்போசோம் வடிவத்தை ஒரே ஒருமுறை ஏற்றியதற்கும் ஏறக்குறைய அதே பலன் கிடைத்தது: இரண்டு பிரிவிலும் சுமார் 96 சதவீதம் பேர் குணமானார்கள்.

2021இல் இந்தியாவில் கொரோனாவோடு கருப்புப் பூஞ்சை பரவியபோது தேவைப்பட்டதும் இதே மருந்துதான். குப்பி கிடைக்கவில்லை. மருந்துச்சீட்டோடு குடும்பங்கள் ஊர் ஊராக அலைந்தன. கிடைக்காத பலருக்கு, சிறுநீரகத்தைக் கவனித்துக்கொண்டே, குமிழி இல்லாத பழைய மருந்தை ஏற்றினார்கள்.