முதியோர் பராமரிப்பும் நமது மஹல்லாவும்: ஒரு வரலாற்றுப் பார்வை

 

நமது ஜமாஅத்தின் சார்பில் முதியோர் இல்லம் ஒன்று கட்ட வேண்டும் என்ற கோரிக்கை சென்ற பொதுக்குழுவில் எழுந்ததை உறுப்பினர்கள் அறிவார்கள். பிள்ளைகள் துபாய்க்கும் ரியாத்துக்கும் பெங்களூருக்கும் பிழைக்கச் சென்றுவிட, வயது முதிர்ந்த பெற்றோர் மட்டும் வீட்டில் தங்கியிருக்கும் குடும்பங்கள் நம் தெருக்களில் பெருகிவிட்டன. கோரிக்கையை எழுப்பியவர்களின் நல்லெண்ணத்தில் நமக்கு ஐயமில்லை. ஆயினும், தளர்ந்தவரை வீட்டிலிருந்து பெயர்த்து ஓரிடத்தில் சேர்ப்பதா, வேண்டிய உதவியை அவர் வாசலுக்கே கொண்டு செல்வதா என்ற கேள்வி இந்தச் செங்கல்பட்டுச் சீமைக்குப் புதியதன்று. அடிக்கல் நாட்டுமுன் அவ்வரலாற்றைச் சற்றுப் பார்ப்பது நலம் என்று கருதி இதனை எழுதுகிறோம்.

செங்கல்பட்டிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் செல்வோர் 'தாம்பரம் சானடோரியம்' என்ற நிலையத்தைக் கடந்தே செல்கிறோம். அப்பெயரின் பின்னணியை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. டாக்டர் சவுரி முத்து அவர்கள் 1928ஆம் ஆண்டு அங்குக் காசநோயாளர்களுக்காக ஒரு மருத்துவமனையை நிறுவினார்கள். 1937இல் அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டது. காசநோய்க்கு மருந்தில்லாத காலம் அது. நல்ல காற்று, நல்ல உணவு, ஓய்வு ஆகிய மூன்றுமே சிகிச்சை. அதற்காகக் குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில் அங்கே கிடக்க வேண்டும். பின்னர் மருந்து கிடைத்தது, படுக்கைகளோ போதவில்லை. படுக்கை கிடைக்காத ஏழை நோயாளியை என்ன செய்வது?

இதற்கு விடை காண 1956இல் சென்னையில் ஓர் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இதில் கைகோத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் என்பவர் பொறுப்பேற்றார். ஏறத்தாழ 190 நோயாளர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் ஊட்டமான உணவும், ஓய்வும், தாதியர் கவனிப்பும் பெற்றனர். மறு பிரிவினர் நெருக்கமான குடியிருப்புகளில், தம் எளிய வீடுகளிலேயே இருந்து அதே மாத்திரைகளை ஓராண்டு உட்கொண்டனர். முடிவு 1959இல் வெளியானது. வீட்டிலிருந்தோர் குணமடைந்த அளவு, சானடோரியத்தில் இருந்தோர் குணமடைந்த அளவுக்கு ஏறத்தாழ நிகராகவே இருந்தது. வீட்டிலிருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை. உலக நாடுகள் பலவும் தம் காசநோய் சிகிச்சை முறையை மாற்றிக்கொள்ள இந்த ஆய்வு காரணமாயிற்று.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. வீட்டு நோயாளியிடம் மாத்திரையைக் கொடுத்துவிட்டு அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. சுகாதாரப் பணியாளர் வீடு தேடிச் சென்றார். முன்னறிவிப்பின்றியும் சென்று மீதமுள்ள மாத்திரைகளை எண்ணிப் பார்த்தார். வீட்டுச் சிகிச்சை பலித்தது இந்த இடைவிடாத வருகையினால்தான்.

நமக்கு இன்னும் அருகிலுள்ள சான்று திருமணி. 1924இல் லேடி வில்லிங்டன் பெயரால் அங்குத் தொழுநோயாளர் காப்பகம் தோன்றியது. ஊரை விட்டு ஒதுக்கப்பட்டவர்கள் வந்து சேர்ந்த இடம் அது. அங்குதான் டாக்டர் ராபர்ட் காக்ரேன் 1946இல் சல்ஃபோன் மருந்தை ஊசி வழியாகச் செலுத்திப் பார்த்தார். பின்னர் அதுவே மலிவான மாத்திரையாகக் கிடைத்தது. 1955இல் மத்திய அரசு அந்நிலையத்தை ஏற்றுக்கொண்டது; அதே ஆண்டு தொடங்கிய தேசியத் தொழுநோய்த் திட்டம், ஊர் ஊராகச் சென்று நோயாளியைக் கண்டறிந்து, அவர் வீட்டிலிருந்தபடியே மருந்து உட்கொள்ளும் வழியைக் கைக்கொண்டது. தொற்றுநோய்க்காரரையே வீட்டில் வைத்துக் குணப்படுத்தலாம் என்று நிறுவிய மண்ணில், முழங்கால் வலியும் சர்க்கரையும் உள்ள ஒரு தாயை வீட்டில் வைத்துப் பார்க்க இயலாதா?

இனி, பணம் வாசலுக்கு வந்த வரலாறு. ஹீரா நகரத்துக் கிறிஸ்தவர்களோடு காலித் பின் வலீத் (ரலி) அவர்கள் செய்துகொண்ட உடன்படிக்கையில், உழைக்க இயலாது தளர்ந்துவிட்ட முதியவருக்கு வரி நீக்கப்படும், அவரும் அவர் குடும்பத்தாரும் பைத்துல்மாலிலிருந்து பராமரிக்கப்படுவர் என்ற நிபந்தனை இருந்ததாக இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் தம் 'கிதாபுல் கராஜ்' நூலில் பதிவு செய்துள்ளார்கள். யாசித்து நின்ற பார்வையற்ற யூத முதியவரை உமர் (ரலி) அவர்கள் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று உதவி, பின் பைத்துல்மாலில் உதவித்தொகைக்கு வழி செய்ததையும் அந்நூலிலேயே காண்கிறோம். முதியவர் தம் ஊரிலேயே இருந்தார். உதவி அவரைத் தேடிச் சென்றது.

நம் மாநிலத்தில் காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது 1962 ஏப்ரல் முதல் நாள் முதியோர் உதவித்தொகை தொடங்கியது. அன்று மாதம் 20 ரூபாய். 2023இல் அது 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நெடுங்காலம் அத்தொகை மணியார்டராக வந்ததை நம் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். பணத்தோடு தபால்காரர் என்ற ஒரு மனிதரும் மாதம் ஒருமுறை திண்ணைக்கு வந்தார். 'பாட்டி எப்படி இருக்கிறீர்கள்' என்று கேட்டார். தொகை வங்கி வழிக்கு மாறியதில் வசதிகள் உண்டு. அந்தக் கேள்வி மட்டும் நின்றுபோனது.

அந்தக் கேள்வியை மீண்டும் வாசலுக்குக் கொண்டு வந்தவர்கள் நம் அண்டை மாநிலத்தார். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் முதலியோர் தீராத நோயாளரின் வலி நீக்க ஒரு சங்கம் தொடங்கினர். மருத்துவமனைக்கு வர இயலாதோரே பெரும்பாலோர் என்று கண்டதும், மலப்புறம் மாவட்டத்தில் அப்பணி ஊர்மக்களின் கைக்குச் சென்றது. கடைக்காரர், ஆசிரியர், மாணவர் எனச் சாதாரண மக்கள் சில நாள் பயிற்சி பெற்றுத் தம் பகுதியில் படுத்திருப்போரின் கணக்கை எடுத்தனர். சிறு சிறு நன்கொடை திரட்டி ஒரு செவிலியரை அமர்த்தி, அவரோடு வீடு வீடாகச் சென்றனர். மதம் பார்க்கவில்லை. 2008இல் கேரள அரசு இதனைத் தன் கொள்கையாகவே அறிவித்தது. நம் அரசும் 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கான மாத்திரைகளும், இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வரும் திட்டம் இது.

இவ்வளவும் எழுதிய நாம், நம்முடைய குறையையும் எழுதக் கடமைப்பட்டுள்ளோம். ஒரு மழைக்காலத்தில், முதல் ஸஃப்பில் வழக்கமாக நிற்கும் பெரியவர் ஒருவர் ஃபஜ்ருக்கு வரவில்லை. கவனித்தோம். மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று எண்ணிக்கொண்டோம். ளுஹருக்கும் இடம் காலியாக இருந்தது. அஸருக்குப் பின்னரே ஒரு பையனை அனுப்பினோம். ஒளுச் செய்யச் சென்றவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, விடியற்காலையிலிருந்து தரையில் கிடந்திருக்கிறார். உயிர் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மீண்டும் நடக்கவில்லை. வீட்டைப் பூட்டி வெளியூருக்கு அழைத்துச் சென்றுவிட்டார்கள். சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பியும், காலையில் கதவைத் தட்ட ஒரு ஆளும் இருந்திருந்தால் அவர் இன்றும் அதே ஸஃப்பில் நின்றிருக்கக்கூடும். இவராவது பள்ளிக்கு வருபவர். தனித்திருக்கும் விதவைத் தாய்மார்கள் ஒருநாள் எழுந்திருக்கவில்லை என்றால் எந்த ஸஃப் நமக்கு அதனைச் சொல்லும்?

முதியோர் இல்லமே தேவையில்லை என்று நாம் வாதிடவில்லை. உற்றார் எவருமற்றோரும், புத்தி மயங்கி இரவில் தெருவில் இறங்கி விடுவோரும் உண்டு. மாவட்டந்தோறும் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லம் அமைக்க 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வகை செய்துள்ளது. நம் ஜமாஅத்தின் சக்தி அதற்கு முன்னுள்ள படிக்கே போதுமானது என்பது நம் கருத்து.

முதற்படி ஒரு பதிவேடு. தனித்து வாழ்வோர் யார், என்னென்ன மாத்திரை, மாற்றுச் சாவி எவரிடம், வெளிநாட்டிலுள்ள பிள்ளையின் எண் என்ன, எதிர்வீட்டார் யார் என்பவை அதில் இருக்க வேண்டும். எதிர்வீட்டார் மாற்று மதத்தவராயின் அவர் பெயரே இருக்கட்டும். ஓடி வரப்போகிறவர் அவர்தாம். 2022 டிசம்பர் 9ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரையைக் கடந்தபோது மின்சாரமின்றி இருளில் தனித்திருந்த முதியோர் எத்தனை பேர் என்று நம்மால் சொல்ல முடியவில்லை. 2004 டிசம்பர் 26இல் இக்கடற்கரையைச் சுனாமி தாக்கிய பிறகும் நாம் அத்தகைய கணக்கு எதையும் எடுத்திருக்கவில்லை.

பதிவேட்டின் முதல் நோட்டுப் புத்தகம் பள்ளிவாசல் அலுவலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. தெருவுக்கு இரு ஆண்களும் இரு பெண்களும் பெயர் தரும்படி நிர்வாகக் குழு கேட்டுக்கொள்கிறது. தாய்மார்களின் வீடுகளுக்குப் பெண்களே செல்வார்கள். கைப்பிடிக் கம்பிக்கும், சக்கர நாற்காலிக்கும் ஆகும் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்பது அடுத்த கூட்டத்தில் முடிவாகும். அதுவரை காத்திராமல் உதவி கேட்க விரும்பும் முதியோர் 14567 என்ற அரசின் மூத்த குடிமக்கள் உதவி எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, படுக்கையருகே சுவரில் ஒட்டிக் கொடுப்பதை மதரஸா மாணவர்கள் இந்த வாரமே தொடங்குகிறார்கள்.